அவளைப் படகுக்கு அழைத்தேன்

என் தோழியைக் கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் மல்பேக்கு வரச்சொல்லி நான்தான் அழைத்தேன். காலையில் படகில் கடலுக்குள் போவது, அங்கேயே மீன் வறுத்துச் சாப்பிடுவது, கரைக்குத் திரும்பியதும் இரண்டு ஓட்டல்களில் ஒரே மீனை வாங்கி எது மேல் என்று பார்ப்பது. இதுதான் திட்டம். அவளோடு இன்னும் பதினோரு பெண்கள். எல்லோரும் அவள் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் எங்கே சாப்பிடப் போவது என்று முடிவு செய்கிறவர்கள். அவர்கள் முன்னால் அவளை அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் அழைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எல்லாம் ஏதோ தற்செயலாக நடந்ததுபோல் ஆகிவிடும்.

நாங்கள் வைட்ஃபீல்டில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். எனக்கு மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அவளுக்கு நிறுவனத்தின் இணையப் பக்கங்களுக்கு எழுதுகிற வேலை. நான் பீன்யாவுக்குப் பக்கத்தில் தாசரஹள்ளியில் வளர்ந்தவள். அம்மா கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவர், பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தார். கடைசியில் சூப்பர்வைசர் ஆனார். எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் மீன் உண்டு. அவள் வளர்ந்த வீடு மல்லேஸ்வரத்தில். தாத்தா மகாராஜா காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை.

அவள் முதன்முதலாக மீன் சாப்பிட்டது என் டிபன் பாக்ஸிலிருந்து. அலுவலக கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது என்ன, வாழக்கா வறுவலா?"

"கிழங்கான் மீன்."

"கொஞ்சம் குடேன்."

நடுமுள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டு கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் அம்மா அவளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். மெதுவாக மீன் தின்னக் கற்றுக்கொடுத்தேன். எந்த மீனுக்கு முள் எந்தப் பக்கம் ஓடும், எதை வறுக்கலாம், எதைக் குழம்பில் மட்டுமே போட வேண்டும், கெட்டுப்போனதை மசாலா போட்டு மூடியிருந்தால் நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதெல்லாம்.

பிறகு சனிக்கிழமைகளில் ஓட்டல் ஓட்டலாகப் போக ஆரம்பித்தோம். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆறே மேசை போட்ட தமிழ் மெஸ். மங்களூர்க்காரர்களின் ஓட்டல்கள் நாலைந்து. இந்திராநகரில் கண்ணாடிக் கட்டிடத்தில் ஒரு கடை, அங்கே மீன் ஐஸ்மேல் படுத்திருக்கும், நாம் விரலால் காட்ட வேண்டும். நான் சாப்பிட்டுக்கொண்டே பேசுவேன். மெஸ்காரர் புளியைக் கரைத்ததும் ஊற்றிவிடுகிறார், கொதிக்க விடுவதில்லை, அதனால் குழம்பு தனியாகவும் மீன் தனியாகவும் நிற்கிறது. கண்ணாடிக் கடையில் மீன் நல்ல மீன், ஆனால் சமைக்கிறவருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, அதனால் வெண்ணெயை அப்புகிறார். இப்படி ஏதாவது. அவள் போனில் தட்டிக்கொண்டே இருப்பாள். மெசேஜ் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் ஒரு பக்கம் தொடங்கியது எனக்குத் தெரியும். கடல் உணவு ஓட்டல்களைப் பற்றி வாரம் ஒரு பதிவு. முதல் பதிவைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சமைக்கிறவருக்கு மீன்மேல் நம்பிக்கை இல்லை" என்று அச்சு மாறாமல் போட்டிருந்தாள். என் பேச்சு எழுத்தில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். "தோழி ஒருத்தி சொன்னாள்" என்று முதல் சில பதிவுகளில் இருந்தது. அப்புறம் அது இல்லை. படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். கோரமங்களாவில் ஒரு ஓட்டல் திறப்புக்கு அவளைக் கூப்பிட்டார்கள், அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டல்காரரிடம் என்னைக் காட்டி, "இவ எனக்குக் கம்பெனி குடுக்க வருவா. எது வச்சாலும் சாப்பிடுவா" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு என்மேலேயே கோபம் வரும் விஷயங்களில் அந்தச் சிரிப்பும் ஒன்று.

இதெல்லாம்கூடப் போகட்டும். அம்மா விஷயம்தான் போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்தார். அடுப்படியில் நின்று போட்டோ எடுத்தாள். அம்மா, "என்னை எடுக்காதம்மா, நைட்டியில இருக்கேன்" என்றார். "கைய மட்டும்தான் ஆன்ட்டி" என்றாள். அம்மாவுக்கு வலது ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். மெஷின் ஊசி ஒருமுறை நகத்தோடு இறங்கியது, அதற்குப் பிறகு அது ஒன்றாகச் சேரவே இல்லை.

பத்து நாள் கழித்து மெட்ரோவில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தைத் திறந்தேன். சட்டிமேல் அம்மாவின் கை. அந்த நகம். கீழே ஒரு கதை. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருவாராம். யாருக்கும் தெரியாமல் தன் டிபன் பாக்ஸிலிருந்து இவளுக்கு மீன் ஊட்டுவாராம். அந்த ருசியைத் தேடித்தான் ஊரெல்லாம் அலைகிறாளாம். பல வருடம் கழித்து அந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து அவர் கையால் சாப்பிட்டபோது அழுதுவிட்டாளாம். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அழுதிருந்தார்கள்.

மெஜஸ்டிக் ஸ்டேஷனில் இறங்கி அவளுக்குப் போன் செய்தேன்.

"அது எங்கம்மா கை."

"ஆமா, என்ன அழகா வந்திருக்கு பாரு."

"எங்கம்மா உங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்களா?"

"ஏய், அது ஒரு கதைடி. பேரா போட்டிருக்கேன், மூஞ்சியா போட்டிருக்கேன்? ஜனங்களுக்கு இந்த மாதிரி இருந்தாத்தான் மனசுல ஒட்டும்."

"எடுத்துடு."

"இப்ப எப்படி எடுக்கறது? எல்லாரும் ஷேர் பண்ணிட்டாங்க. நீ ரொம்ப ஃபீல் பண்ற."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டேன். "எடுக்கறேன், எடுக்கறேன்" என்றாள். எடுக்கவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் அவளோடு ஒன்றுமே நடக்காததுபோல் பழகினேன். இது எனக்கு எப்படி முடிந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. என் தொழிலே பிழை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். அவளிடம் பிழை இருந்த இடம் எனக்கு முன்பே தெரியும். அவள் ஒரு நாள்கூட மீன் மார்க்கெட்டுக்குள் கால் வைத்ததில்லை. வாடை ஆகாது, வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த மீனெல்லாம் மசாலா பூசி, தட்டில் வெங்காயத்தோடு வந்த மீன். முழு மீனைக் காட்டினால் அவளுக்கு வால் எது என்று வேண்டுமானால் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த உடுப்பிப் பக்கத்துக்காரர் ஒருவரின் அண்ணன் மல்பேயில் படகு வைத்திருந்தார். மீன் பிடிக்காத நாட்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். அவரிடம் போனில் பேசி எல்லாம் ஏற்பாடு செய்தேன். படகில் பலவகை மீன் முழுசாக இருக்க வேண்டும். அஞ்சல் மட்டும் இரண்டு வேண்டும், ஒன்று அன்று காலையில் வந்தது, இன்னொன்று நாலு நாள் ஐஸில் கிடந்தது. வஞ்சிரத்துக்கு அங்கே அஞ்சல் என்று பேர். "எதுக்கு மேடம் பழசு?" என்று கேட்டார். "ஒரு டெஸ்ட்" என்றேன்.

அப்புறம் அவளைக் கூப்பிட்டேன்.

"உன் வாசகர்களையும் கூட்டிட்டு வா. நடுக்கடல்ல நீயே மீன் செலக்ட் பண்ணு, அவங்க முன்னாடியே சமைப்பாங்க. அப்புறம் கரையில ரெண்டு ஓட்டல், நீ கம்பேர் பண்ணு. வீடியோ நல்லா வரும்."

"நீ இன்னும் கோவமா இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"சேச்சே" என்றேன்.

அவள் குடியிருந்த வைட்ஃபீல்டு அடுக்ககத்திலேயே வார இறுதிப் பயணங்களுக்கு ஆள் சேர்க்கிற ஒரு பெண் இருந்தார். அவர் பதினோரு பேரைச் சேர்த்துக் கொடுத்தார், அவரும் அதில் ஒருவர். ஒரு மங்களூர்க்கார அம்மாவும் இருந்தார், ஓய்வுபெற்ற டீச்சர். அவர் வருவது என் திட்டத்தில் இல்லை. ஆனால் அவரால்தான் பாதி வேலை நடந்தது.

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கியிருந்த மாதம் அது. காலை ஏழரைக்குப் படகு ஏறினோம். மேலே தார்ப்பாய்க் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு, பின்னால் கேஸ் அடுப்பு. அவள் வெள்ளைச் சட்டையும் ஓலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். ஒருமணி நேரம் ஓடியதும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி நடுவில் வைத்துத் தாழைப் பாயை விலக்கினார். பெண்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள்.

"மேடம், நீவே ஹேளி, நீங்களே சொல்லுங்க. ஃப்ரைக்கு எது, கரிக்கு எது?" என்றார் படகுக்காரர்.

அவள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். "இது மத்தி. சின்ன மீன், ஆனா ருசி எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடும்" என்றாள். நான் மத்தியைப் பற்றிச் சொன்ன வாக்கியம்.

மங்களூர் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப்பார்த்தார். "இல்லம்மா, அது பங்குடே, நீங்க கானாங்கெளுத்தின்னு சொல்றது. மத்தி இதுல பாதிதான் இருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீச்சர் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஓ, ஆமா, ஆமா. வெளிச்சத்துல தெரியல" என்றாள். அவள் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து அஞ்சலுக்குப் போனாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பழையது பெரியது, கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அவள் அதன் செவுளை விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "இதைத்தான் பார்க்கணும். செவுள் கலர் பார்த்தே ஃப்ரெஷ்ஷான்னு சொல்லிடலாம். இது சூப்பர். இதையே எடுத்துக்கலாம்" என்றாள். செவுள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. கண் குழிவிழுந்து வெளுத்திருந்தது. அவள் விரல் அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அது ஐஸ் மீனு மேடம். நாலு திவசா ஆயித்து. இவத்திந்து இது" என்று, அன்று காலையில் வந்த சின்ன மீனின் செவுளைத் திறந்துகாட்டினார். ரத்தச் சிவப்பு.

தண்ணீர் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீங்க எழுதறதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடமும் ஓட்டலில் எந்த மீன் வாங்குவது என்று தெரியாதபோது திரும்புவாளே, அதே திரும்பல். "நீயே சொல்லேன்டி" என்றாள்.

நான் ஐந்து மாதமாக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நான் உங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்ச அம்மாவோட பொண்ணு. எனக்கு என்ன தெரியும்? நீயே சொல்லு."

எல்லோரும் அந்தக் கதையைப் படித்தவர்கள். சிலர் அதற்கு அழுதவர்கள். ஆள் சேர்த்த பெண், "அந்த அம்மா உங்கம்மாவா?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அம்மா கார்மென்ட்ஸில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், மல்லேஸ்வரத்தில் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது, அந்த நகம் பிளந்தது பாத்திரம் தேய்த்து அல்ல, தையல் ஊசி இறங்கி. ஓட்டல்களைப் பற்றி எழுதியதும் யாருடைய பேச்சு என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையில்லாத அளவுக்குப் படகு சின்னது.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"மூணு தடவை கேட்டேன்."

அவள் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

என் திட்டம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. ஓட்டலாக இருந்திருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள், இல்லாவிட்டால் நான் போயிருப்பேன். இங்கே சமையல் முடிந்து கரை சேர இரண்டு மணி நேரம் இருந்தது. படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. எண்ணெய் காய்ந்த வாடை வந்ததும் அவள் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். போய்த் தலையைப் பிடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தோன்றலையும் கவனித்தேன், எழுந்திருக்கவில்லை. டீச்சர்தான் போய் முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

பங்குடே வறுவல் வந்தது. நான் மூன்று சாப்பிட்டேன். பசியே இருக்காது என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. நல்ல மீன். மிளகாயும் உப்பும் தவிர ஒன்றும் போடவில்லை, தோல் மொறுமொறுப்பாக, உள்ளே ஈரமாக இருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கரைக்கு வந்ததும் அவள் ஆட்டோ பிடித்து பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் திட்டப்படியே ஓட்டலுக்குப் போகலாம் என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கடை ஒன்று, கடற்கரைச் சாலையில் ஏசி வைத்த பெரிய கடை ஒன்று. இரண்டிலும் கானே வறுவல் கேட்டோம். எங்கள் வீட்டுக் கிழங்கானுக்கு அங்கே அதுதான் பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசினேன். தகரக் கடையில் ரவை ஒட்டியிருக்கிறது, ஆனால் மீனை மூடவில்லை, அங்கே வறுக்கிற அம்மாவுக்குக் கையளவு தெரிகிறது. பெரிய கடையில் எண்ணெயை மாற்றவில்லை, நேற்றைய இறாலின் வாசம் இன்றைய மீனில் இருக்கிறது. ஒருத்தி குறிப்பெடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி பாராட்டும் குரலில் சொன்னாள்:

"நீங்க அப்படியே அவங்க எழுதற மாதிரியே பேசறீங்க."

எனக்கு அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் இறங்கவில்லை. இப்போதும் ஓட்டலில் உட்கார்ந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அந்தக் குரல் கேட்கிறது. என் சொற்களை அவள் அவ்வளவு நாள் சட்டைபோல் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள், இப்போது அவை அவள் அளவுக்குத் தளர்ந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதை, போட்டோ, படகு, எல்லாம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டோவைக் காட்டச் சொன்னார். அதற்குள் அவள் போட்டோவை நீக்கிவிட்டிருந்தாள், கதை மட்டும் இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பாத்திரம் தேய்க்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல," என்றார் அம்மா. "எங்கக்கா செஞ்சா. நான் செய்யல. செய்யாததச் செஞ்சேன்னு எழுதினது தப்பு. அது அந்தப் பொண்ணு தப்பு."

"அதான் கேட்டுட்டு வந்தேன்."

"நீ எங்க கேட்ட? அந்தப் பொண்ணு யார் கைன்னு வெளிய தெரியாம எழுதுச்சு. வெறும் கை. நீ போயி, அது எங்கம்மாதான்னு பதினோரு பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்க. இதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அவள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்று அம்மா சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். எழுந்து போய்ப் பால் காய்ச்சினார். இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தம் அம்மாவுக்காக மட்டும்தான். அவள் செவுளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு குளிர்கிறது.

அவள் பக்கம் நின்றுபோகவில்லை. நின்றுபோகும் என்று நம்பினேன். ஒரு மாதம் அமைதியாக இருந்தாள், பிறகு பேக்கரிகளைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டாள். படிக்கிறவர்கள் முன்னைவிட அதிகம். அந்தப் பாத்திரக்காரம்மா கதை மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது. கேக்கைப் பற்றி அவளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் படிக்கிறேன். ஏதாவது ஒரு வாக்கியத்தில் இன்னொருத்தியின் குரல் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

போன மாதம் அந்த ஆள் சேர்க்கிற பெண் போன் செய்தார். கார்வார் பக்கம் ஆற்றுமுகத்தில் ஒரு படகுப் பயணம் வைத்திருக்கிறார்களாம், அங்கே சிப்பிக் கறி ருசியாக இருக்குமாம். நான் வந்து நாலு ஓட்டலைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"அவ வர்றாளா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லை. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு கூப்பிடவே இல்லை."

"அவளையும் கூப்பிடுங்க. அவ வந்தா நானும் வரேன்."

மறுமுனையில் அவர் நெகிழ்ந்துபோனது குரலிலேயே தெரிந்தது. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார். தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.